பிழை விட்டால் அந்த விளையாட்டு என்ன செய்யும்?

பிள்ளைகளுக்கு எண் பழக்கும் கணினி விளையாட்டு ஒன்றை யாராவது கொண்டுவந்து காட்டினால், நான் முதலில் வேண்டுமென்றே பிழையான விடையைக் கொடுத்துப் பார்ப்பேன். சரியான விடைக்கு எல்லா விளையாட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான்: நட்சத்திரம் பறக்கும், கைதட்டல் கேட்கும், ஒரு கரடி துள்ளும். பிழை விட்டால் என்ன நடக்கிறது என்பதில்தான், அதைச் செய்தவர் சின்னப் பிள்ளை எண்ணுவதை எப்போதாவது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாரா என்பது தெரியவரும்.

எனக்கு இலங்கையின் வன்னியில், மாங்குளத்தில் கணினி திருத்தும் வேலை. ஒட்டுசுட்டானுக்குப் போகும் வழியில், பெருந்தெருவிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிறவல் வீதியில் முன்பள்ளி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பிவைக்கும் பழைய லப்டொப்புகளைத் துப்புரவாக்கி, விளையாட்டுகளை ஏற்றி அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. கொடுத்துவிட்டு உடனே திரும்புவதில்லை. பாயில் பிள்ளைகளோடு இருந்து, யார் எதை அமத்துகிறார்கள், யாருடைய கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தப் பாயில் இருந்து பார்த்தவைதான்.

கைத்தொலைபேசிகளில் பரவலாகக் கிடக்கும் ஒரு வகையை முதலில் எடுத்துக்கொள்வோம். திரையின் மேலே ஐந்து மாம்பழம். கீழே மூன்று பலூன், அவற்றில் 4, 5, 6. பிழையான பலூனைத் தொட்டால் ஒரு சத்தம் வரும், அந்தப் பலூன் மறைந்துவிடும். மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். நான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி இதை விளையாடுவதைப் பார்த்தேன். அவளுடைய கண் மாம்பழத்தின் பக்கம் போகவே இல்லை. இடதுபக்கத்துப் பலூன், நடுப் பலூன், வலதுபக்கத்துப் பலூன் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் நட்சத்திரம் கொட்டியது. “எல்லா லெவலும் முடிச்சிட்டாள் அண்ணை, நான் ஒண்டும் சொல்லிக்குடுக்கேல்லை” என்று தாய் சந்தோசத்தோடு சொன்னார். பிள்ளை கெட்டிக்காரி என்பதில் சந்தேகமே இல்லை. தொட்டுக்கொண்டே போனால் நட்சத்திரம் வரும் என்ற அந்த விளையாட்டின் உண்மையான விதியை அவள் கண்டுபிடித்துவிட்டாள். எண்ணத் தேவையில்லாத இடத்தில் ஒரு பிள்ளை ஏன் எண்ண வேண்டும்? குறை விளையாட்டில்தான் இருக்கிறது.

இதே மாம்பழத்தை வைத்து ஸ்கிராட்ச் மென்பொருளில் நான் ஒரு சிறு விளையாட்டைச் செய்தேன். ஸ்கிராட்ச், எம்ஐடி பல்கலைக்கழகத்தார் 2007இல் இலவசமாக வெளியிட்டது. இணையம் இல்லாமலும் வேலை செய்யும். நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டைகளை அடுக்குவதுபோல் அடுக்கி ஒரு விளையாட்டைச் செய்துவிடலாம். என்னுடைய விளையாட்டில் பலூன் இல்லை, தெரிவு இல்லை. பிள்ளை எண்ணிப் பார்த்து விசைப்பலகையில் ஒரு எண்ணை அமத்த வேண்டும். ஏழு என்று அமத்தினால் திரையில் ஏழு பெட்டி வரும். ஐந்து மாம்பழமும் ஒவ்வொன்றாகப் போய்ப் பெட்டிக்குள் இருக்கும். இரண்டு பெட்டி வெறுமையாகக் கிடக்கும். சத்தமும் இல்லை, சிவப்புப் புள்ளடியும் இல்லை. ஒரு பையன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மாமா, ரெண்டு பெட்டிக்குப் பழம் காணாது” என்றான். அவன் விட்ட பிழை எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அவனே வாயால் சொல்லிவிட்டான். கழித்தல் என்று பிறகு பாடசாலையில் வரப்போவதும் இதுதானே.

எண்ணுவது பெரியவர்களுக்கு ஒரே வேலை மாதிரித் தோன்றும். சின்னப் பிள்ளைக்கு அது பல வேலை. 1978இல் ரோஷெல் கெல்மன், சி. ஆர். கலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண்ணை, ஒரே ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். எண்களை எப்போதும் ஒரே ஒழுங்கில் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று தெரிய வேண்டும். எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம் என்பதும் விளங்க வேண்டும். இவற்றில் மூன்றாவதுதான் கடினம். ஐந்து பழத்தையும் தொட்டுத் தொட்டு ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு’ என்று வடிவாக எண்ணி முடித்த பிள்ளையிடம் “அப்ப எத்தினை பழம்?” என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் திரும்பவும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ‘எத்தினை’ என்ற கேள்வி அவர்களுக்கு எண்ணிக் காட்டு என்ற கட்டளை. அஞ்சு என்பது முழுக் கூட்டத்தின் அளவு என்று இன்னும் பிடிபடவில்லை.

கேரன் வின் என்ற உளவியலாளர் 1990இலும் 1992இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதை இன்னும் துல்லியமாகக் காட்டின. பத்து வரை பிழையில்லாமல் எண்ணும் பிள்ளையிடம் மூன்று பொம்மை கேட்டால் கைக்குள் அகப்பட்டதை அள்ளித் தரும். முதலில் ‘ஒன்று’ மட்டும் அளவாக விளங்கும். சில மாதம் கழித்து ‘இரண்டு’. பிறகு ‘மூன்று’. அதற்குப் பின் ஒரு பாய்ச்சல்: எண்ணி முடிக்கும் எண்ணே அளவு என்பது மொத்தமாக வெளித்துவிடும். முன்பள்ளியில் நாங்கள் இதைப் புளியங்கொட்டையில் செய்து பார்ப்போம். “எனக்கு மூண்டு தாங்கோ” என்று கையை நீட்டினால் போதும், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ரீச்சருக்குத் தெரிந்துவிடும். எந்த விளையாட்டைக் கொடுப்பது என்று அதற்குப் பிறகுதான் தீர்மானிப்போம். “எங்கட பிள்ளை நூறு வரைக்கும் சொல்லுவாள்” என்று பெற்றோர் சொல்வதை நான் குறைத்து மதிக்கவில்லை. அந்த ஒழுங்கு வாயில் ஏறாமல் மற்றது எதுவும் நடக்காது. ஆனால் யூரியூப் பாட்டில் நூறு வரை சொல்லும் பிள்ளை நான்கு புளியங்கொட்டையை எண்ணித் தரத் தடுமாறுவது இங்கே சாதாரணம். பாட்டை இன்னொரு தடவை போடுவதால் அது தீராது.

தொடுதிரை பற்றி ஒரு விசயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். யாரும் இதை எழுதி நான் வாசித்ததில்லை, பாயில் இருந்து பார்த்ததுதான். பிள்ளை விரலால் எண்ணும். பொருளைத் தொட வேண்டும், அல்லது கிட்டத்தில் நீட்ட வேண்டும். தொலைபேசித் திரையிலோ விரல் பட்டால் ஏதாவது நடந்துவிடுகிறது. மீன் ஓடும், குமிழ் உடையும், விடை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடும். அதனால் பிள்ளை விரலை இழுத்துக்கொண்டு கண்ணால் மட்டும் எண்ணப் பார்க்கிறது. மூன்று நான்கு பொருள் வரைக்கும் கண்ணே போதும், எண்ணாமலே தெரியும். ஐந்து, ஆறு என்று போகும்போது சிதறிக் கிடப்பதைக் கண்ணால் எண்ண ஒரு நான்கு வயதுப் பிள்ளையால் முடியாது. ஒன்றை இரண்டு தரம் எண்ணும், ஒன்றை விட்டுவிடும். பழைய லப்டொப்பின் திரைக்கு விரல் படுவது தெரியாது. பிள்ளை திரையில் விரலை ஊன்றி ஊன்றி, எச்சில் கையோடு எண்ணலாம். எண்ணி முடித்த பிறகு விசையை அமத்தலாம். எண்ணுவது வேறு, விடை சொல்வது வேறு என்று இரண்டும் பிரிந்து நிற்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே புது டப்லெட்டைவிடப் பழைய லப்டொப்பை இந்த வயதுக்கு நல்லதென்று சொல்வேன்.

நாங்கள் ஏற்றும் விளையாட்டுத் தொகுப்பு ஜிகொம்ப்ரி. புரூனோ குடுவான் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000இல் தொடங்கியது. இன்றுவரை தன்னார்வலர்களே வளர்த்துவருகிறார்கள். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரைக்கும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட செயற்பாடுகள் அதில் உண்டு. விளம்பரம் இல்லை, காசு இல்லை, இணையம் இல்லாமலே வேலை செய்யும். அதில் எனக்குப் பிடித்தது பொருட்களை எண்ணும் செயற்பாடு. திரை முழுக்கப் பழங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். மௌஸால் பிடித்து இழுத்து ஓரத்தில் அடுக்கலாம். தோடம்பழம் எல்லாம் ஒரு பக்கம், வாழைப்பழம் எல்லாம் ஒரு பக்கம். பிறகு ஒவ்வொரு வகைக்கும் எத்தனை என்று எண்ணை அமத்த வேண்டும். எண்ணுவதற்கு முன் ஒழுங்குபடுத்து என்பதைச் சொல்லிக்கொடுக்கும் வேறு விளையாட்டு எதையும் நான் காணவில்லை. சந்தையில் தேங்காய் எண்ணுகிறவர் செய்வதும் அதுதான், எண்ணியதை மற்றப் பக்கம் தள்ளிவிடுவார்.

இன்னொன்று, மேலிருந்து தாயக்கட்டை விழும். அது நிலத்தில் படுவதற்குள் அதிலுள்ள புள்ளிகளின் எண்ணை அமத்த வேண்டும். இது எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு. எண்ணாமல் பார்த்தவுடனே ‘நாலு’ என்று அறியும் பழக்கம் இதில் வளரும். டக்ஸ் மத் என்று 2001இல் வந்த இன்னொரு இலவச விளையாட்டும் வேகத்தைத்தான் கேட்கிறது. வானிலிருந்து எரிகல் விழும், அதில் உள்ள கணக்குக்கு விடை எழுதினால் பென்குயின் அதைச் சுட்டு வீழ்த்தும். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை விட்டு எழும்பமாட்டார்கள். முன்பள்ளியில் மட்டும் வேண்டாம். அவசரப்படுத்தினால் சின்னப் பிள்ளை எண்ணுவதைக் கைவிட்டுவிட்டு, அகப்பட்ட விசையை அமத்தும்.

கணினியில் எண் பழக்குவது புதிய எண்ணம் இல்லை. ஆசிரியையாக இருந்த ஜான் டேவிட்சன் செய்த மத் பிளாஸ்டர் அமெரிக்காவில் 1983இல் வந்தது. அந்த ஆண்டு எங்கள் ஆட்களுக்கு என்ன ஆண்டு என்று இங்கே எழுதத் தேவையில்லை. தொண்ணூறுகளில், போர்க்காலத்து வன்னிக்குள் கறண்டும் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எண்ணை எங்கே பழகினார்கள் என்றால், ஒரு பெரிய பங்கு கொக்கான் வெட்டிப் பழகினார்கள். ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்து, அது விழுவதற்குள் கீழே கிடக்கும் நான்கையும் அள்ள வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொன்றாக. அடுத்ததில் இரண்டிரண்டாக. பிறகு மூன்றும் ஒன்றும். கடைசியில் நான்கையும் ஒரேயடியாக. நான்கு என்ற எண்ணை எப்படியெல்லாம் உடைக்கலாமோ ஏறக்குறைய அத்தனையும் அதில் வந்துவிடுகிறது. பிழை விட்டால் என்ன நடக்கும்? கல் நிலத்தில் கிடக்கும். எத்தனை தவறியது என்பது கண்முன்னே கிடக்கும். நான் விளையாட்டு செய்யும்போது பார்த்துப் பழகிய மாதிரி கொக்கான்தான்.

இந்தப் பக்கத்தில் இன்னும் பலருக்குத் தெரியாத, தெரிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. கீதா ரமணி, ரொபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் வெளியிட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களின் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை எண் எழுதிய பலகையைக் கொடுத்தார்கள். சுழற்றினால் ஒன்று அல்லது இரண்டு விழும். அத்தனை பெட்டி நகர வேண்டும், நகரும் பெட்டியில் உள்ள எண்ணை வாயால் சொல்ல வேண்டும். கால் மணி நேரம் வீதம் நான்கு தடவை, மொத்தம் ஒரு மணி நேரம். எண்ணை அடையாளம் காண்பது, எது பெரிது என்று சொல்வது, எண்ணுவது எல்லாவற்றிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறம் பூசிய பலகையில் விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் வட்டமான பலகையும் நேர்ப் பலகைக்கு ஈடாகவில்லை. எண்கள் ஒரே கோட்டில் நின்று, தூரம் போகப் போகப் பெரிதாகும் என்பதைக் காலும் கையும் உணர்வதில்தான் விசயம் இருக்கிறது.

இதற்குக் கணினி வேண்டியதில்லை. முன்பள்ளி முற்றத்து மணலில் ரீச்சர் தடியால் பத்துப் பெட்டி கீறினார். சுழற்றுவதற்குப் பதில், ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை. வெள்ளை விழுந்தால் ஒன்று, கறுப்பு விழுந்தால் இரண்டு. மூன்றாம் பெட்டியில் நிற்கும் பிள்ளைக்குக் கறுப்பு விழுந்தால் அது இரண்டு எட்டு வைத்து ‘ஒண்டு, ரெண்டு’ என்று சொல்லும். அங்கேதான் ரீச்சர் தோளைப் பிடித்து நிறுத்துவார். “காலுக்குக் கீழ பாருங்கோ, என்ன எண்? நாலு. அடுத்தது?” “அஞ்சு.” இதுவும் சும்மா பிடிவாதம் இல்லை. எலிடா லாஸ்கி என்ற ஆய்வாளரும் சீக்லரும் 2014இல் காட்டியது இதைத்தான். ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணும் பிள்ளைக்கு எண் பலகை விளையாட்டு அவ்வளவு உதவவில்லை. நிற்கும் எண்ணிலிருந்து மேலே எண்ணும் பிள்ளைக்குத்தான் உதவியது. மணலில் ஓடிய பிள்ளைகளுக்காக அதே பத்துப் பெட்டியைத் திரைக்கும் கொண்டுவந்தேன். மழைக்காலத்தில் முற்றம் சேறாகிவிடும், அப்போது திரை கைகொடுக்கும்.

இந்த எண்ணத்தை ஒட்டி நன்றாகச் செய்யப்பட்ட கணினி விளையாட்டும் உண்டு. அன்னா வில்சனும் ஸ்தனிஸ்லாஸ் தெஹானும் 2006இல் எழுதிய ‘நம்பர் ரேஸ்’. எண் விளங்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்காகச் செய்தது. இரண்டு குவியலில் எது கூட என்று பிள்ளை தெரிவுசெய்ய வேண்டும். தெரிவுசெய்த குவியலின் அளவுக்கு நேர்ப்பாதையில் முன்னேறலாம். பிழையாகத் தெரிவுசெய்தால் கூடுதலானது எதிராளிக்குப் போய்விடும், அவன் தூரம் போவதைக் கண்ணால் காணலாம். பிள்ளை நான்குக்கு மூன்று தரம் சரியாகச் செய்யும் அளவில் கடினத்தை அது தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எப்போதும் வெல்லும் பிள்ளைக்கு அலுக்கும், எப்போதும் தோற்கும் பிள்ளை எழும்பிப் போய்விடும். அந்த நடுவிடத்தைக் கணக்குப் போட்டுப் பிடித்திருக்கிறார்கள்.

மொழி பற்றி எனக்குக் கோபம் உண்டு. தொலைபேசியில் கிடக்கும் எண் விளையாட்டுகளில் அனேகமானவை ஆங்கிலத்தில் பேசுகின்றன. பெற்றோர் பலர் அதை நன்மை என்று நினைக்கிறார்கள். எண்ணே இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. பதினொன்று, பதின்மூன்று, இருபத்தொன்று என்று சொல்லும்போது உள்ளே பத்து இருப்பது தமிழில் காதிலேயே கேட்கும். ‘இலெவன்’, ‘டுவெல்வ்’ என்பதில் அது கேட்காது. சீன மொழியில் பத்து-ஒன்று, பத்து-இரண்டு என்றே எண்ணுவார்கள். பத்துக்கு மேல் இருபது வரை எண்ணுவதில் சீனப் பிள்ளைகளை விட அமெரிக்கப் பிள்ளைகள் கூடுதலாகத் தடுமாறுவதை 1995இல் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் மொழி தரும் உதவியை நாங்களே தட்டிப் பறிக்க வேண்டுமா? முன்பள்ளியில் ஆங்கிலக் குரலை நிறுத்திவிட்டு ரீச்சர் பக்கத்தில் இருந்து சொல்வார். என் விளையாட்டில் அவருடைய குரலையே பதிந்தோம், பிள்ளைகள் வீட்டில் கேட்கும் ஊர்ப்பேச்சிலேயே. ஆங்கிலம் ஆறு மாதம் பொறுத்து வரட்டும். ஐந்து என்ற அளவு தெரிந்த பிள்ளைக்கு ‘பைவ்’ என்பது இன்னொரு சொல், அவ்வளவுதான்.

சொந்த மொழியில் செய்தால் நடக்கும் என்பதற்குத் தான்சானியா சாட்சி. அங்கே தங்கா பகுதியில், பாடசாலை வசதி குறைந்த ஏறத்தாழ 170 கிராமங்களில் 2017 கடைசியில் தொடங்கி 15 மாதம் ஒரு பரிசுப் போட்டியின் களச் சோதனை நடந்தது. பிள்ளைகளுக்கு டப்லெட் கொடுத்து, சூரிய ஒளியில் சார்ஜ் செய்ய வசதி செய்து, சுவாஹிலி மொழியிலேயே எழுத்தும் எண்ணும் பழக்கும் மென்பொருட்களை விட்டுப் பார்த்தார்கள். 2019இல் ஒன்பில்லியன், கிட்கிட் ஸ்கூல் என்ற இரண்டும் குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் பரிசைப் பகிர்ந்துகொண்டன. இறுதிக்கு வந்த ஐந்தின் நிரலும் யாரும் எடுத்து மாற்றக்கூடியதாகத் திறந்து விடப்பட்டிருக்கிறது. தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ரொரன்ரோவிலும் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். ஒரு மழைக்காலத்து வேலைதான் இது. குரல் தர எங்கள் ரீச்சர் ஆயத்தம், பிள்ளைகள் விளையாடிப் பார்த்துப் பிழை சொல்லவும் ஆயத்தம்.

எவ்வளவு நேரம் என்று கேட்கும் தாய்மாருக்கு: இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரையின் முன் இருக்க வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. எங்கள் முன்பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் முறை வராது. இரண்டு பேரைச் சேர்த்து இருத்துவோம். ஒருவர் எண்ண, மற்றவர் அமத்த வேண்டும். எண்ணுகிறவர் பிழை விட்டால் அமத்துகிறவர் விடமாட்டார், அந்தச் சண்டையில் நடக்கும் படிப்பை எந்த நிரலும் தராது.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து அனுப்ப நினைக்கிறவர்களுக்கு. புது டப்லெட் வாங்க வேண்டாம், உங்கள் அலுவலகத்தில் கழிக்கும் லப்டொப் போதும். பற்றரி கொஞ்சமாவது நிற்க வேண்டும். இங்கே கறண்ட் நின்றால் திரும்பி வரும் நேரம் சொல்ல முடியாது, 2022 போல 13 மணித்தியாலம் இல்லாவிட்டாலும். வலதுபக்கத்தில் எண் விசைகள் தனியாக உள்ள விசைப்பலகை கிடைத்தால் நல்லது, பிள்ளைக்குத் தேடும் வேலை குறையும். சின்ன மௌஸ் கட்டாயம் வேண்டும், பெரியவர்களின் மௌஸை இவர்கள் இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள். விசையில் எண் தேய்ந்துபோயிருந்தால் பரவாயில்லை, இங்கேயே ஒட்டிக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் சொந்தப் படங்கள் இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கோ.